நின்ன பிறகு வந்தது

நவம்பர் 4, செவ்வாய்

எழுதி வைக்கணும். வாயால சொன்னா, "சண்முகத்தாய் பீத்துதா"ம்பாவ. வாற குடியரசு தின அணிவகுப்புல மகளிர் பிளட்டூனுக்கு முன்னால தனியா நடந்து போகப்போறது யாரு? மகளிர் போலீஸ் ஸ்டேஷன் எஸ்.எஸ்.ஐ. சண்முகத்தாய். நான்தான். இருபத்தெட்டு வருச சர்வீஸ்ல மூணாவது வரிசையில நின்னு காலை ஒதைச்சே காலம் போச்சு. இந்தத் தடவை நான் சத்தம் குடுத்தாத்தான் முப்பது பேரும் அசையணும். தூத்துக்குடி முழுக்கப் பாக்கட்டும்.

ஆர்டரைக் கையில தந்த ஆயுதப்படை இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஒண்ணும் நினைக்காதீங்கம்மா. முன்னால வர்றவங்களத்தான் கலெக்டர்ல இருந்து எல்லாரும் பாப்பாங்க. உடம்பைக் கொஞ்சம் குறைச்சிட்டா நல்லாருக்கும்"னாரு. "என் குரல் துறைமுகம் வரைக்கும் கேக்கும் சார், உடம்பை யாரு பாக்கா"ன்னேன். அவரு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால நின்னேன். போன வருசம் தைச்ச யூனிஃபார்ம் பேண்டுக்குப் பொத்தான் போட மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கு. நான் திங்கது அதே நாலு இட்லிதான். பின்ன இது எங்க இருந்து வந்து ஒட்டுதுன்னு தெரியல.

நவம்பர் 7, வெள்ளி

ஒரு பொம்பளைகிட்ட வாக்குமூலம் எழுதிக்கிட்டு இருக்கேன், நெஞ்சுல இருந்து குப்புன்னு ஒரு சூடு கிளம்பி முகம், காது எல்லாம் எரியுது. கழுத்துல வேர்வை ஊத்துது. "ஃபேனைக் கூட்டுளா"ன்னு ஜெபமணியை விரட்டினேன். ஜெபமணி என் பேட்ச். ஒண்ணா டிரெயினிங் எடுத்து, ஒண்ணா எஸ்.எஸ்.ஐ. ஆயி, இப்ப ஒரே ஸ்டேஷன்ல அடுத்தடுத்த மேசை. "அஞ்சுலதாம்ளா ஓடுது, இதுக்கு மேல சுத்துனா பிச்சுக்கிட்டுப் போயிரும்"னா. கடைசியில புகார் குடுக்க வந்தவ பாவம், முந்தானையை எடுத்து எனக்கு விசிறி விட்டா. எனக்கு வந்த வெக்கத்துக்கு அவ புருசனை ரெண்டு மடங்கு ஏசினேன்.

நவம்பர் 12, புதன்

இதை எப்படி எழுத? என் டைரிதான, எழுதலாம்.

தூரமாயிட்டேன். மாசாமாசம் வந்து ஐம்பது வயசுல நின்னு போனது, ரெண்டு வருசம் கழிச்சுத் திரும்பி வந்துட்டு! நின்னப்ப நான் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதது யாருக்கும் தெரியாது. இப்பப் பாரு. எல்லாம் தினமும் காலையில கடற்கரை ரோட்டுல நடக்குத நடைதான். உடம்புக்கு வயசு இறங்குது.

ஜெபமணி காதுல சொன்னேன். "நெசமாவாளா? எனக்கெல்லாம் நாப்பத்தாறுலயே மூட்டை கட்டிட்டு"ன்னா. "அது அவவ உடம்பைப் பொறுத்தது"ன்னு சொன்னேன். கொஞ்சம் அதிகப்படிதான், இருக்கட்டும். சாயங்காலம் ஸ்டேஷனுக்கே மக்ரூன் வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு இன்ஸ்பெக்டரம்மா கேட்டாவ. "பரேடு சந்தோசம் மேடம்"னு சொல்லிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

இப்ப எல்லாரும் பேசுதாவளே, வாரத்துக்கு ஒண்ணு போட்டா உடம்பு தானா வத்தும்னு, அந்த ஊசிக்காக டாக்டர் நஸ்ரீன் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சின்னப் பிள்ளை. என் மகள் மலரை விட அஞ்சாறு வயசு கூட இருக்கும்.

முதல்ல நர்சு உக்கார வச்சு வரிசையாக் கேட்டா. "மெனோபாஸ் ஆயிட்டாம்மா?" ஆச்சு, ரெண்டு வருசம்னேன். "அதுக்குப் பிறகு ரத்தப்போக்கு ஏதாவது?" சீச்சீ, அதெல்லாம் கிடையாது, நான் நல்ல திடமா இருக்கேன்னேன்.

உள்ள போயி, "ஊசியைப் போடுங்க, ஜனவரிக்குள்ள குறையணும்"னேன். அந்தப் பிள்ளை ஊசியைத் தவிர மத்த எல்லாத்தையும் பேசுதா. தூக்கம் எப்படி, குறட்டை உண்டா, முட்டி வலிக்குதா, குப்புன்னு சூடு கிளம்புதா, எரிச்சல் வருதா. எரிச்சல் இப்பத்தான் வருதுன்னேன். சிரிச்சுக்கிட்டே பிரஷர் பாத்தா. இடுப்பளவு எடுத்தா. சர்க்கரை, தைராய்டு, ஈரல், கொழுப்பு எல்லாம் பாக்கணும்னு எழுதினா.

"அந்த ஊசி நல்ல மருந்துதாம்மா. உங்களுக்கு ஒருவேளை ஒத்துக்கவும் செய்யும். ஆனா உங்க உடம்பைத் தெரிஞ்சுக்காம நான் போட மாட்டேன்"னா. "பரேடு இருக்கு டாக்டர்"னா, "நான் பரேடுக்கு வைத்தியம் பாக்கலம்மா, உங்களுக்குத்தான் பாக்கேன்"னு சொல்லுதா. திமிரைப் பாத்தியா! எனக்குப் பிடிச்சுப் போச்சு.

கிளம்பும்போது ஒண்ணு சொன்னா. "இந்த வயசுல ஹார்மோன் குறையும்போது, அதே சாப்பாடு சாப்பிட்டாலும் வயித்துல எடை ஏறும். அந்தச் சூடும் அதனாலதான். நீங்க சோம்பேறி ஆயிட்டீங்கன்னு அர்த்தம் இல்ல." யாரும் இதுவரைக்கும் என்கிட்ட இப்படிச் சொன்னது கிடையாது. வண்டியை எடுக்காம கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு நின்னேன். கண்ணு கலங்கிட்டு.

நவம்பர் 29, சனி

குவார்ட்டர்ஸ் பொம்பளைக எல்லாம் திருச்செந்தூருக்கு நடந்து போறாளுவ. நான்தான் ஏற்பாடு. கிளம்புத அன்னைக்குப் பாத்து மறுபடியும் தூரம். இந்தத் தடவை சீக்கிரமாவே வந்துட்டு. முருகனுக்கு என் மேல என்ன கோவமோ. வாசல்ல நின்னு கையைக் காட்டி அனுப்பிட்டு உள்ள வந்து, அவுகளை ஒரு காரணமும் இல்லாம ஏசினேன். அவுகன்னா என் வீட்டுக்காரரு நயினார். துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவுக. அவுக பாட்டுக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாவ.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. இன்னும் விடல. அவுகதான் விளக்கு ஏத்துனாவ. திரியை எல்லாம் எண்ணெய்க்குள்ள முக்கி அணைச்சுப் போட்டு, பாதி விளக்கு எரியல. படியில காலைத் தூக்கி வைக்கையில கொஞ்சம் தலை சுத்துது. பரேடு பயிற்சி அலுப்பு.

டிசம்பர் 5, வெள்ளி

இதையும் எழுதணும்.

டெஸ்டு ரிசல்ட்டோட நஸ்ரீனைப் பாக்கப் போனேன். தைராய்டு நல்லாருக்கு, சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்கி, ரத்தம் கம்மின்னா. "ரத்தம் ஏன் குறைஞ்சிருக்குன்னு தெரியல. நடை எப்படிப் போகுது? திருச்செந்தூர் நடந்தே போறேன்னீங்களே, போனீங்களா?"

"எங்க டாக்டர், கிளம்புத அன்னைக்குத் தூரமாயிட்டேன்"னேன்.

பேனாவைக் கீழ வச்சிட்டா.

"யாரு? நீங்களாம்மா?"

"பின்ன? நின்னது திரும்பி வந்துட்டுல்லா!" வாயெல்லாம் பல்லா நான் சொல்லுதேன், கேட்டியா. ஏதோ மெடல் வாங்கினவ மாதிரி.

"ரத்தப்போக்கு இல்லைன்னு சொல்லிருக்கீங்களே."

"அது ரத்தப்போக்கு இல்லியே டாக்டர். தூரம்லா."

சொல்லி வாயை மூடுததுக்குள்ள எனக்கு வெளங்கிட்டு. ஸ்டேஷனுக்கு வாற பொம்பளைகிட்ட "புருசன் அடிச்சானா"ன்னு கேட்டா, "இல்லியே மேடம்"பா. "கை வச்சானா"ன்னு கேட்டாத்தான் முதுகைக் காட்டுவா. அவளுக்கு அடின்னா கம்பால அடிக்கணும், கை வைக்கது கணக்குல வராது. கேக்குத வார்த்தை மாறினா பதிலும் மாறிப் போகும். புதுசா வாற பிள்ளைகளுக்கு இதைப் பாடமா எடுக்குத சண்முகத்தாய், அந்த நாக்காலியில உக்காந்து அதே பதிலைச் சொல்லிருக்கேன்.

நஸ்ரீன் என்னைத் திட்டல. "எங்க வீட்லயும் அந்த நாள்ல தொழுகை கிடையாதும்மா. அதுக்குன்னு ஒரு பேரு இருக்கும், ஆஸ்பத்திரியில வேற பேரு இருக்கும். நாங்கதான் சரியாக் கேக்கணும்"னா. பொறவு நிதானமாச் சொன்னா. "நின்னு ஒரு வருசம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது தூரம் இல்லம்மா. எதனாலன்னு பாத்தே ஆகணும். பத்துல ஒம்பது பேருக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது. அந்தப் பத்தாவது ஆளு நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியணும்."

ஊசி எப்பன்னு கேட்டேன். வேற என்ன கேக்கன்னு தெரியல.

டிசம்பர் 8, திங்கள்

ஸ்கேன் பாத்தாச்சு. கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சிருக்காம். உடம்புல கொழுப்பு கூடினா, அதுவே ஒரு ஹார்மோனை உண்டாக்கி அந்தச் சுவரை வளக்குமாம். எடையும் இதுவும் ஒண்ணுக்கொண்ணு சொந்தக்காரங்கன்னு நஸ்ரீன் சொல்லுதா. மெல்லிசா ஒரு குழாயை விட்டுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கு. வலிச்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

பரேடு பயிற்சி. ரெண்டாவது வரிசை தோள் கோணுது. சரி பண்ணியாச்சு.

டிசம்பர் 11, வியாழன்

அவுகளுக்கு கேஸ் புக் பண்ணச் சொல்லிக் குடுத்தேன். சாம்பார்ப் பொடி எந்த டப்பா, மிளகாப் பொடி எந்த டப்பான்னு பேரு எழுதி ஒட்டினேன். "இப்ப என்னத்துக்கு இது?"ன்னு கேட்டாவ. ஆம்பளைகளும் தெரிஞ்சுக்கிடணும்னேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

மலருக்கு ரெண்டு தடவை போன் பண்ணினேன். "என்னம்மா, இப்பத்தான பேசின"ங்கா. சும்மாதான்.

டிசம்பர் 16, செவ்வாய்

பயிற்சி அருமை. முப்பது பேரு காலும் ஒரே சத்தம். ஆயுதப்படை இன்ஸ்பெக்டரே கை தட்டினாரு. இந்தப் பிள்ளைகளை இன்னொருத்தி நடத்திக்கிட்டுப் போறதை என்னால நினைச்சுப் பாக்க முடியல. எதுக்கு இதை எழுதுதேன்னு தெரியல. ஒண்ணுமில்ல.

டிசம்பர் 19, வெள்ளி

ரிசல்ட் வந்துட்டு. புத்துநோய் இல்ல. ஆனா செல்லு மாற ஆரம்பிச்சிருக்கு. விட்டா புத்துல போயி நிக்கும். நஸ்ரீன் எதையும் மறைக்கல, பயங்காட்டவும் இல்ல. கர்ப்பப்பையை எடுத்துரதுதான் நல்லது, அதுக்குன்னு உள்ள பெரிய டாக்டர்கிட்ட அனுப்புதேன்னா. அவங்களும் பேசி, ஜனவரி ஏழுன்னு நாள் குறிச்சாச்சு.

"இருபத்தேழு வச்சுக்கிடலாமா டாக்டர்?" கெஞ்சினேன். நான் கெஞ்சி யாரும் பாத்திருக்க மாட்டாவ.

"சிலருக்கு, எடுத்த பிறகு முழுசாப் பாத்தா, உள்ள வேற ஒரு மூலையில புத்து ஏற்கெனவே ஆரம்பிச்சிருக்கும். அதனால தள்ளிப் போட எனக்கு மனசு வரலம்மா. ஆனா முடிவு உங்களோடது. நீங்க எதைச் சொன்னாலும் நான் கூட இருப்பேன்." இந்தப் பிள்ளை ஒரு அதட்டு அதட்டியிருந்தா நான் பதிலுக்கு எகிறிட்டு வந்திருப்பேன். முடிவு உன்னோடதுன்னுட்டா என்ன செய்ய.

டிசம்பர் 21, ஞாயிறு

அவுககிட்டச் சொல்லிட்டேன். வெறும் இருபது நாள்தான தள்ளணும், இருபத்தெட்டு வருசம் காத்திருந்தவளுக்கு முன்னால நடக்க ஒரு நாள் கிடையாதான்னு நான்தான் பேசிக்கிட்டே போனேன். எனக்கும் அழுகை, கோவம் எல்லாம் சேந்து வருது. அவுக கேட்டுக்கிட்டே இருந்துட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாவ.

"கிரேன் கயிறுல ஒரு இழை அந்துட்டுன்னு தெரிஞ்ச பொறவு, கப்பல் காத்துக்கிட்டு நிக்கேன்னு எவனாவது லோடு தூக்குவானா?"

முப்பது வருசம் ஒரு விபத்து இல்லாம ஓட்டின மனுசன். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ஆனா ஏழாம் தேதிக்கு லீவு எழுதிட்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

இன்னைக்கு பிளட்டூனை ஜெபமணிகிட்ட ஒப்படைச்சேன்.

ஆயுதப்படை இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன். "உடல்நலக் குறைவுன்னு மட்டும் சொல்லிக்கலாம்மா, பிள்ளைங்ககிட்ட விவரம் எதுக்கு"ன்னாரு. "இல்ல சார், விவரம்தான் வேணும்"னுட்டு முன்னால போயி அட்டென்ஷன் குடுத்தேன். முப்பது பேரும் விறைச்சு நின்னாளுவ.

"எனக்குத் தூரம் நின்னு ரெண்டு வருசம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. நான் குமரியாயிட்டேன்னு நினைச்சு ஊருக்கே மக்ரூன் குடுத்தேன்."

சிரிச்சாளுவ. இன்ஸ்பெக்டர் விறுவிறுன்னு தண்ணித் தொட்டிப் பக்கம் போயிட்டாரு.

"அது தூரம் இல்ல. கர்ப்பப்பையில கோளாறு. புதன்கிழமை எடுக்கப் போறாவ. நின்ன பிறகு ஒரு சொட்டு, ஒரு கறை பட்டாலும் டாக்டர்கிட்டப் போகணும். உங்க அம்மா, மாமியா, சித்தி எல்லார்கிட்டயும் கேளுங்க. ரத்தப்போக்கு இருக்கான்னு கேக்காதீங்க, இல்லைம்பாவ. தூரமா இருக்கியான்னு கேளுங்க, துணி வைக்கியான்னு கேளுங்க. வெளங்குதா?"

"எஸ் மேடம்!" மைதானமே அதிர்ந்துச்சு. ஒருத்தியும் சிரிக்கல. இத்தனை வருசத்துல நான் குடுத்த கமாண்டுலயே இதுதான் பெரிய கமாண்டு. கலைஞ்ச பொறவு நாலு பேரு தனித்தனியா வந்து அவுகவுக அம்மாவைப் பத்திக் கேட்டாளுவ. ஜெபமணி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உன் பேரைக் காப்பாத்துவேம்ளா"ன்னா. வீட்டுக்கு வந்து நல்லா அழுதேன். அதையும் எழுதிருதேன்.

ஜனவரி 7, புதன்

நயினார் எழுதுவது. ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. கண்ணைத் திறந்ததும் தாயி கேட்டது, "ரெண்டாவது வரிசை தோள் நேரா இருக்கா?" இருக்கிறது என்று சொன்னேன். இனி அவளே எழுதுவாள்.

ஜனவரி 12, திங்கள்

மேல உள்ளதை இப்பத்தான் படிச்சேன். நான் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டேன். இருமினா வயிறு இழுக்குது. அவுக வச்ச சாம்பார்ல மிளகாப் பொடிதான் இருக்கு.

ஜனவரி 21, புதன்

எடுத்ததை முழுசாச் சோதிச்சுப் பாத்த ரிப்போர்ட் வந்துட்டு. நஸ்ரீன் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு, படம் போட்டுக் காட்டினா. ஒரு மூலையில புத்து ஆரம்பிச்சிருந்திருக்கு. ரொம்பச் சின்னது, உள்சுவரைத் தாண்டல. முழுசா வெளிய வந்துட்டு. மேற்கொண்டு கதிர்வீச்சுக் கரண்டும் வேண்டாம், கீமோ மருந்தும் வேண்டாம், ஒழுங்கா வந்து காட்டினாப் போதுமாம்.

அவுக வேட்டி நுனியால கண்ணைத் துடைச்சாவ. நான் நிமிந்து உக்காந்தேன். ஏழாம் தேதின்னு எழுதிக் குடுத்தது நான்லா. என் கையெழுத்து.

எடை விசயமும் பேசினா. புண்ணு ஆறட்டும், நடையைப் பையத் தொடங்கலாம், தட்டுல சோத்தைக் குறைச்சு மீனு, பயறு கூட்டலாம், சர்க்கரையைத் திரும்பப் பாத்துட்டு ஊசி தேவையான்னு முடிவு பண்ணலாம்னா. ஒரு ஊசிக்கு இந்தப் பிள்ளை இத்தனை மாசம் யோசிக்கா. முதல் நாளே போட்டு அனுப்பியிருந்தா, பேண்டுக்குப் பொத்தான் விழுந்த சந்தோசத்துல நான் மத்ததை எங்க சொல்லியிருக்கப் போறேன். எங்க ஊர்ல எனக்கு இப்படி ஒரு டாக்டர் பிள்ளை இருக்குன்னு, பாக்குதவங்க எல்லார்கிட்டயும் பெருமை அடிக்கேன். கிளினிக்ல இப்ப நர்சு கேக்குத கேள்வியும் மாறிட்டு.

ஜனவரி 26, திங்கள்

மைதானத்துக்குப் போனேன். பந்தல்ல நாக்காலி போட்டு, முதுகுக்குத் தலகாணி வச்சு அவுக உக்கார வச்சாவ. மகளிர் பிளட்டூன் வந்துச்சு. முன்னால ஜெபமணி. அவ குரலு என்னுதுல பாதிதான், ஆனா கணீர்னு இருந்துச்சு. முப்பது ஜோடி காலும் ஒரே சத்தம். ரெண்டாவது வரிசைத் தோள் அளந்து வச்ச மாதிரி நேரா இருந்துச்சு. எல்லாம் நான் பழக்கின பிள்ளைக. பொறாமை வரும்னு நினைச்சேன். வரல. நெஞ்சு விம்மிட்டு. சிறந்த அணின்னு கலெக்டர் கையால கேடயம் வாங்கினாளுவ. கத்திக் கை தட்டினதுல தையல் இழுத்துட்டு.

எல்லாம் முடிஞ்ச பொறவு ஜெபமணி கேடயத்தோட என்கிட்ட வந்தா. வேர்வையில யூனிஃபார்ம் நனைஞ்சு கிடக்கு. அவுகளைப் பாத்து, "அண்ணாச்சி, ஒரு டீ வாங்கிட்டு வாறீங்களா"ன்னா. அவுக போனதும் பக்கத்துல உக்காந்தா.

"சண்முகம், எனக்கும் படுதுளா."

"என்னது?"

"கறை. டிசம்பர்ல இருந்து, அப்பப்ப."

"மூதி! நான் மைதானத்துல நின்னு தொண்டை கிழியக் கத்தினேனே, அன்னைக்கு எங்க போச்சு உன் வாயி?"

"நீயும் படுத்து நானும் படுத்துட்டா பிளட்டூனை யாரு நடத்துவா? நீ கட்டி வச்சதுல்லா. இருபத்தாறு முடியட்டும்னு இருந்துட்டேன்."

ஓங்கி அறையணும் போல இருந்துச்சு. அவ கழுத்தைக் கட்டிக்கிட்டேன். சட்டை, பேட்ஜ் எல்லாம் முகத்துல குத்துது, விடல. அங்க உக்காந்தமேனிக்கே நஸ்ரீனுக்குப் போன் போட்டேன். லீவு நாள், இருந்தும் எடுத்தா. விசயத்தைச் சொன்னேன். நாளைக்குக் காலையில முதல் ஆளா வாங்கன்னா.

"நாளைக்கு எனக்குக் கோர்ட் டூட்டிளா, புதன்கிழமை போவோம்"னா ஜெபமணி.

நான் எந்திரிச்சு நின்னேன். வயிறு இழுத்துச்சு, பரவாயில்ல. "எஸ்.எஸ்.ஐ. ஜெபமணி! நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு கிளினிக் வாசல்ல இருக்கணும். நான் கூட வருவேன். இது ஆர்டர்."

பந்தல்ல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாவ. அவளும் நானும் ஒரே ரேங்க்தான். இருந்தும் கேடயத்தை நாக்காலியில வச்சிட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எந்திரிச்சு விறைப்பா நின்னு, "எஸ் மேடம்"னா.